காரில் ஸ்டீரியோ மாற்றலாமா? விசுவாசியின் காதும் விசுவாசியின் காசும்



தலைப்பைப் பார்த்தவுடனே சிலருக்குச் சிரிப்பு வரும். "எழுப்புதல் பத்திரிகையில கார் ஸ்டீரியோவா? எழுத வேற விஷயமே கிடைக்கலையா?" என்று கேட்பீர்கள். ஆனால் தேவபிள்ளைகளே, கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கொலை செய்யலாமா, களவு செய்யலாமா என்று எந்த விசுவாசியும் ஊழியக்காரரிடம் வந்து கேட்கிறதில்லை. அதற்குப் பதில் எல்லாருக்கும் தெரியும். நம்முடைய வாழ்க்கை அங்கே தடுமாறுகிறதில்லை. பாவம் என்றும் சொல்ல முடியாது, அவசியம் என்றும் சொல்ல முடியாது என்கிற நடுவான காரியங்களில்தான் தடுமாறுகிறது. நம் பணத்தில் பெரும்பங்கும், நம் நேரத்தில் பெரும்பங்கும் இந்த நடுவான காரியங்களிலேயே செலவாகிறது. அங்கே கர்த்தர் ஆண்டவரா இல்லையா என்பதே கேள்வி.

வாலிபத் தம்பிமார் பலர் கேட்கிற கேள்வி இது: "ஐயா, கார்ல கம்பெனி கொடுத்த செட் இருக்கு. பாடுது. ஆனா சத்தம் நல்லா இல்ல. மாத்தணும்னு ஆசையா இருக்கு. மாத்தலாமா? மாத்துனா எதை மாத்தறது, எவ்வளவு செலவு பண்றது?" நியாயமான கேள்வி. இதற்கு இரண்டு அவசரப் பதில்கள் உண்டு. இரண்டுமே தப்பு.

இரண்டு அவசரப் பதில்கள்

முதல் பதில்: "அதெல்லாம் உலகம், விட்டுடு." இப்படிச் சொல்லுகிறவர்கள் பக்திவைராக்கியத்தில் சொல்லுகிறார்கள். அவர்களைக் கனம்பண்ணுகிறோம். ஆனால் சரித்திரத்தைப் பாருங்கள். 1930ல் அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் பால் கால்வின் என்பவருடைய கம்பெனி காருக்கென்று ரேடியோ செய்து, அதற்கு மோட்டோரோலா என்று பெயர் வைத்து விற்றது. ஓட்டுகிறவனுடைய கவனம் சிதறும் என்று அன்றைக்கே எதிர்ப்பு இருந்தது. நம் ஊர்களிலும் ரேடியோப் பெட்டி வீட்டுக்குள் வந்தாலே பின்மாற்றம் என்று நினைத்த பெரியவர்கள் இருந்தார்கள். பிறகு நடந்தது என்ன? அதே ரேடியோவில் சுவிசேஷம் வந்தது. சீஷெல்ஸ் தீவிலிருந்து 1970 முதல் ஃபெபா வானொலி சிற்றலையில் பேசினது. சபையே இல்லாத கிராமத்துக்கும் வார்த்தை போய்ச் சேர்ந்தது. 1963ல் பிலிப்ஸ் கம்பெனி கேசட்டைக் கொண்டுவந்தது. பிற்பாடு அதே கேசட்டில் கன்வென்ஷன் செய்திகள் வீடுவீடாய்ப் போயின. ஆகவே பெட்டியைப் பார்த்து 'உலகம்' என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. பெட்டிக்கு இருதயம் இல்லை, வாங்குகிறவனுக்கு இருக்கிறது.

இரண்டாவது பதில்: "என் காசு, என் காரு, யார் கேக்கறது?" இது இன்னும் மோசம். கிரயத்துக்குக் கொள்ளப்பட்டவன் 'என்னுடையது' என்ற வார்த்தையைச் சுலபமாய்ச் சொல்ல முடியாது. நாம் உக்கிராணக்காரர், எஜமான் ஒருநாள் கணக்குக் கேட்பார். 1 கொரிந்தியர் 10ல் பவுல் கொடுக்கிற ஆலோசனையின் சாரம் என்ன? அனுமதி இருக்கிறது என்கிற ஒரே காரணத்தால் ஒன்று பிரயோஜனமாகிவிடாது. அது யாரைக் கட்டியெழுப்புகிறது என்றும் பார்க்கவேண்டும். முதல் பதில் விசுவாசியைக் குழந்தையாகவே வைத்திருக்கிறது. இரண்டாவது பதில் அவனை அனாதையாக்குகிறது. நாமோ குழந்தைகளும் அல்ல, அனாதைகளும் அல்ல. பிதாவின் வீட்டில் வளர்ந்த பிள்ளைகள். வளர்ந்த பிள்ளை யோசித்து முடிவெடுக்கவேண்டும்.

1. என்ன குறைச்சல் என்று முதலில் கண்டுபிடி

வைத்தியரிடம் போனால், "எங்கே வலிக்குது?" என்று கேட்டபிறகுதான் மருந்து எழுதுவார். ஆனால் ஆக்சஸரீஸ் கடைக்குப் போகிறவனிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. அவனே தன்னைக் கேட்டுக்கொள்ளவேண்டும். சத்தம் போதவில்லையா? தெளிவு இல்லையா? அதிருகிறதா? அல்லது பக்கத்து வீட்டுக்காரர் புதிதாய்ப் போட்டதைக் கேட்டபிறகுதான் நம்முடையது பிடிக்காமல் போயிற்றா?

சாதாரணக் காரில் கம்பெனி வைக்கிற ஸ்பீக்கர் பெரும்பாலும் காகிதக் கூம்பு உள்ளது, சின்னக் காந்தம். குறைந்த விலையில் செய்தது. அதை ஓட்டுகிற செட்டுக்குள் ஒரு சிறிய ஆம்ப் இருக்கிறது. அது தவறு அல்ல. காரின் விலைக்குள் அடங்கவேண்டும் என்று கணக்குப்பார்த்துச் செய்தது. அதிலே கோளாறு தோன்றினால் காசு செலவில்லாமல் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. பேஸ், ட்ரெபிள் இரண்டையும் கடைசிவரை திருகி வைத்திருக்கிறோமா? முன்பக்கம், பின்பக்கம் சத்தம் சரியாய்ப் பிரிந்திருக்கிறதா? கதவு பேடில் ஒரு கிளிப் கழன்று, அதுதான் 'கடகட' என்கிறதா? போடுகிற பாட்டே பத்துமுறை காப்பி எடுத்துத் தேய்ந்த பாட்டா? உள்ளே போகிறது கெட்டிருந்தால் எந்த ஸ்பீக்கரும் அதை நல்லதாக்கி வெளியே விடாது. அது பாட்டுக்கும் பொருந்தும், நமக்கும் பொருந்தும்.

இன்னொன்று சொல்லுகிறேன். இரண்டு ஸ்பீக்கரில் ஒன்றுக்கு மட்டும் பிளஸ், மைனஸ் வயரை மாற்றிக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? இரண்டும் பாடும். ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஆனால் ஒன்று முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். கனமான கீழ்ச்சத்தம் ஒன்றையொன்று அடித்துக் காணாமற்போகும். அதை அறியாதவன், "ஊஃபர் இல்லாததாலதான் இப்படி" என்று ஆயிரக்கணக்கில் செலவு பண்ணுவான். இரண்டு வயரை மாற்றினால் போதும். குறை எது என்று தெரியாமல் வாங்குகிறவன், குறையையும் வைத்துக்கொண்டு கடனையும் வைத்துக்கொள்ளுகிறான்.

2. ஸ்டிக்கரில் இருக்கிற வாட்ஸ்

கடையில் புதுச் செட்டின்மேல் பெரிய எழுத்தில் '50 வாட்ஸ், நாலு ஸ்பீக்கருக்கு' என்று ஒட்டியிருக்கும். கொஞ்சம் கணக்குப் பாருங்கள். இஞ்சின் ஓடும்போது கார் கரண்ட் சுமார் 14 வோல்ட். சாதாரண ஸ்பீக்கர் 4 ஓம். தனி ஆம்ப் இல்லாத செட், அந்த 14 வோல்ட்டைக்கொண்டு ஒரு ஸ்பீக்கருக்குச் சுத்தமாய்க் கொடுக்கக்கூடியது சுமார் 20 வாட்ஸ் அளவுதான். ஸ்டிக்கரில் இருப்பது உச்சக் கணக்கு. ஒரு கணம் எட்டித் தொடுகிற அளவு. தொடர்ந்து கொடுக்கிற அளவை 'ஆர்எம்எஸ்' என்று சிறு எழுத்தில் போட்டிருப்பார்கள். வாங்குகிறவர்கள் பெரிய எழுத்தைப் பார்த்து ஏமாறாமல் சிறிய எழுத்தைக் கேட்டு வாங்குங்கள்.

பிரியமானவர்களே, நம்மிலும் இரண்டு அளவு உண்டு அல்லவா? உபவாசக் கூட்டத்தின் கடைசி நாளில் எட்டித் தொடுகிற அளவு ஒன்று. செவ்வாய்க்கிழமை காலையில் வீட்டில் தொடர்ந்து கொடுக்கிற அளவு ஒன்று. நாமும் பெரிய எழுத்தில் முதலாவதைத்தான் ஒட்டிக்கொள்ளுகிறோம். கர்த்தர் சிறிய எழுத்தை வாசிக்கிறவர்.

இந்த இடத்தில்தான் கேள்வியின் மையத்துக்கு வருகிறோம். செட்டு மாற்ற விரும்புகிற விசுவாசி ஒரு ஸ்டிக்கரை எடுத்து ஆசையின்மேல் ஒட்டுகிறான். அந்த ஸ்டிக்கரின் பெயர் 'ஊழியத்துக்காக'. "பாட்டுக் கேட்டு ஆராதிக்கத்தான் ஐயா. போகிற வழியில செய்தி கேக்கலாமேன்னுதான்." சிலருக்கு அது உண்மைதான். ஊர் ஊராய்ப் பிரயாணம்பண்ணுகிற சுவிசேஷகருக்குக் காரே ஜெப அறை. பாடல் படிக்கிற பிள்ளைக்குத் தெளிவான ஸ்பீக்கர் ஒரு வாத்தியார். ஆனால் எல்லாருக்கும் அது உண்மையா? நல்ல சத்தம் கேட்க ஆசையாய் இருக்கிறது என்றால், ஆசையாய் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். ஆசையை ஆசை என்று ஒப்புக்கொண்டவனிடம் கர்த்தர் பேச இடம் இருக்கிறது. ஆசைக்கு ஊழிய அங்கி போர்த்தினவனிடம் யார் பேசமுடியும்? அவனை எதிர்த்தால் ஊழியத்தை எதிர்த்ததுபோல் ஆகிவிடுகிறதே!

3. வெறும் சந்தோஷத்துக்காக ஒன்றை வாங்கலாமா?

இதுதான் கடினமான கேள்வி. இதை மழுப்பக்கூடாது. கடன் இல்லை, கையில் பணம் இருக்கிறது, யாருக்கும் தொந்தரவு இல்லை. அவசியமும் இல்லை, இன்பம் மாத்திரமே காரணம். கூடுமா?

வேதம் இன்பத்துக்கு விரோதி அல்ல. யாத்திராகமம் 31ல் பெசலெயேல் என்ற தொழிலாளியைத் தேவன் ஆவியினால் நிரப்பினதாக வாசிக்கிறோம். எதற்கு? பொன்னிலும் வெள்ளியிலும் கல்லிலும் மரத்திலும் அழகான வேலை செய்கிறதற்கு! அழகு தேவனுடைய யோசனை. செவியைப் படைத்தவர் இனிமையையும் படைத்தார். 1 தீமோத்தேயு 6ல், ஐசுவரியவான்களுக்குப் புத்தி சொல்லுகிற அதே இடத்தில், தேவன் நாம் அனுபவிக்கும்படி தாராளமாய்க் கொடுக்கிறவர் என்றும் பவுல் எழுதுகிறார். ஆகவே நல்ல சத்தத்தில் சந்தோஷப்படுகிறது பாவம் அல்ல. அதற்கு ஊழியச் சாக்கும் தேவையில்லை.

"இந்தப் பணத்தை ஏழைக்குக் கொடுத்திருக்கலாமே" என்ற கேள்வி வரும். யோவான் 12ல் மரியாள் 300 பணம் மதிப்புள்ள தைலத்தை ஊற்றினபோது யூதாஸ் அதைத்தான் கேட்டான். இயேசு மரியாளைத் தடுக்கவில்லை. ஆகவே விலையுயர்ந்த செலவு எல்லாம் வீண்செலவு என்று சொல்ல முடியாது. ஆனால் இதைச் சாக்காய்ப் பிடித்துக்கொள்ளுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: மரியாள் அந்தத் தைலத்தைத் தன் தலையில் ஊற்றிக்கொள்ளவில்லை. நாம் நமக்காக வாங்குகிறதை மரியாளின் தைலத்தோடு ஒப்பிடக்கூடாது.

அப்படியானால் எல்லை எது? அதே யாத்திராகமம் 36ல் ஒரு அதிசயம் இருக்கிறது. ஆசரிப்புக்கூடார வேலைக்கு ஜனங்கள் கொண்டுவந்துகொண்டே இருக்கிறார்கள். வேலையாட்கள் மோசேயிடம் வந்து, தேவைக்கு மிஞ்சிப்போயிற்று என்கிறார்கள். மோசே பாளயம் எங்கும் சொல்லச்சொல்லி நிறுத்திவிடுகிறான். தேவனுடைய வீட்டுக்கே 'போதும்' என்று ஒரு அளவு இருந்தது! அப்படியிருக்க, என் காருக்கு 'போதும்' இல்லையா? இன்பத்தில் பாவம் இல்லை. 'போதும்' என்று சொல்லத் தெரியாத இன்பத்தில்தான் அடிமைத்தனம் இருக்கிறது.

4. மூன்று டெசிபெல் சொல்லித்தருகிற பாடம்

சத்தத்தை டெசிபெல் என்று அளக்கிறார்கள். ஆம்ப்பின் சக்தியை இரண்டு மடங்காக்கினால், 20 வாட்ஸை 40 ஆக்கினால், சத்தம் 3 டெசிபெல்தான் கூடும். காதுக்கு அது 'கொஞ்சம் கூடியிருக்கு' என்கிற அளவே. காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாய்த் தோன்றவேண்டும் என்றால் சுமார் பத்து மடங்கு சக்தி வேண்டும். 20 வாட்ஸ் வைத்திருப்பவனுக்கு 200 வேண்டும். அதற்குமேல் இன்னொரு இரண்டு மடங்கு வேண்டுமென்றால் 2000. வயர் தடிமனாகவேண்டும், பேட்டரி பெரிதாகவேண்டும், டிக்கியில் இடம் போகும், பணம் போகும். ஒவ்வொரு படியிலும் செலவு பத்து மடங்கு வேகத்தில் ஓடுகிறது. சந்தோஷமோ பின்னாலே மெதுவாய் நடந்து வருகிறது.

ஆசையின் கணக்கே இப்படித்தான் தேவபிள்ளைகளே! முதல் படி ஏறும்போது பெரிய வித்தியாசம் தெரியும். நல்ல கதவு ஸ்பீக்கர் ஒரு ஜோடி போட்டவன், "அட, இந்தப் பாட்டுல இந்த வயலின் இருந்ததே தெரியாது" என்பான். அது உண்மையான சந்தோஷம். இரண்டாவது படியில் பாதிச் சந்தோஷம். நாலாவது படியில் அவன் பாட்டைக் கேட்கிறதே இல்லை, ஸ்பீக்கரைக் கேட்கிறான். குறை தேடிக்கொண்டே கேட்கிறான். சாப்பாட்டை மறந்து தட்டைப் பார்க்கிறதுபோல! அங்கேதான் நிறுத்தவேண்டிய அடையாளம் இருக்கிறது. பாட்டு மறைந்து பெட்டி தெரிய ஆரம்பிக்கிற இடத்தில், "போதும் ஆண்டவரே" என்று சொல்லிவிட வேண்டும்.

5. சத்தத்தைக் கூட்டுமுன் இரைச்சலைக் குறை

அனுபவமுள்ள தொழிலாளிகள் ஒன்று சொல்லுவார்கள். காரில் சத்தம் கெடுகிறதற்குப் பாதிக் காரணம் ஸ்பீக்கர் அல்ல. டயர் இரைச்சல், காற்று, மெல்லிய தகரக் கதவின் அதிர்ச்சி. முக்கியமாய் ரோட்டிலிருந்து வருகிற கனத்த இரைச்சல், பாட்டின் கீழ்ச்சத்தத்தை விழுங்கிவிடுகிறது. கதவைத் திறந்து உள்தகரத்தில் டேம்பிங் ஷீட் ஒட்டினால் அதே ஸ்பீக்கரே வேறு ஸ்பீக்கர்போல் பாடும். ஆகவே ஒழுங்கு இதுதான்: முதலில் அமைதி, பிறகு நல்ல கதவு ஸ்பீக்கர், அதன்பிறகும் குறை இருந்தால் சிறிய ஆம்ப், ஊஃபர் கடைசி. செட்டையே மாற்றுவது, ஸ்டீரிங் பட்டன், ரிவர்ஸ் கேமரா எல்லாம் அதோடு இணைந்திருக்கிற இன்றைய கார்களில், நன்றாய் விசாரித்துச் செய்யவேண்டிய காரியம்.

1 இராஜாக்கள் 19ஐ நினைத்துக்கொள்ளுங்கள். காற்று அடித்தது, பூமி அதிர்ந்தது, அக்கினி எரிந்தது. கர்த்தர் அவைகளில் இல்லை. கடைசியில் மெல்லியதாய் ஒன்று வந்தது. எலியா முகத்தை மூடிக்கொண்டு வெளியே வந்தான். கர்த்தர் வால்யூமைக் கூட்டவில்லை. இரைச்சல் அடங்கும்வரை காத்திருந்தார். "கர்த்தர் என்னோட பேசவே மாட்டேங்கிறார்" என்று சொல்லுகிற சகோதரனே, வீட்டில் டிவி, கையில் போன், காரில் பாட்டு. அவர் பேச எந்த நேரத்தைக் கொடுத்தாய்? செட்டு எவ்வளவு நல்லதாய் இருந்தாலும், போகும்போது பாடட்டும், வரும்போது அணைந்திருக்கட்டும். அணைக்க முடிகிறதா என்று பாருங்கள். அணைக்க முடியாத பெட்டி உங்களுடையது அல்ல, நீங்கள்தான் அதனுடையவர்கள்.

6. அந்தக் காரில் வேறு யார் இருக்கிறார்கள்?

வாங்குகிறவன் முன் சீட்டில் உட்கார்ந்து முடிவெடுக்கிறான். பின் சீட்டில் யார் இருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கவேண்டும். வயதான மாமனாருக்குச் செய்தி புரியவில்லை என்றால் அவருக்குச் சத்தம் தேவை என்று நினைக்கிறோம். முதுமையில் காது முதலாவது இழப்பது மேல்ச்சத்தத்தை. ச, ஸ, த போன்ற எழுத்துக்கள் அங்கேதான் இருக்கின்றன. அவருக்கு வேண்டியது அதிர்கிற ஊஃபர் அல்ல; தெளிவான சின்ன ஸ்பீக்கர். ஒரு குடும்பத்தில் மகன் ஊஃபர் வாங்கினால் அப்பாவுக்கு ஒரு வார்த்தையும் கூடுதலாய்ப் புரியாது; அதே பணத்தில் பாதியைச் செலவழித்து நல்ல ஸ்பீக்கர் வாங்கினால் அவர் பிரசங்கம் கேட்டு ஆமென் சொல்லுவார். 'எது நல்ல செட்?' என்பதற்குப் பதில், 'யாருக்கு?' என்று கேட்டபிறகே வரும்.

காதும் தேவன் கொடுத்த தாலந்து. அமெரிக்காவின் தொழில் சுகாதார நிறுவனம் சொல்லுகிற அளவு இது: 85 டெசிபெல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி நேரம், 91 என்றால் 2 மணி நேரம், 100 என்றால் 15 நிமிஷம். உட்காதில் இருக்கிற மெல்லிய மயிரணுக்கள் ஒருமுறை செத்தால் மனுஷனுக்குத் திரும்ப முளைக்கிறதில்லை. மடியில் இருக்கிற பிள்ளையின் காதுக்கும் நாம்தான் உக்கிராணக்காரர். பின்னாலே வருகிற ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கவில்லை என்றால், அதற்குள் இருக்கிற ஆத்துமாவுக்கும் நாம் உத்தரவாதி.

7. தெருவிலே இருக்கிற அயலான்

நீதிமொழிகள் 27:14ஐ எடுத்து வாசியுங்கள். அதிகாலையில் எழுந்து உரத்த சத்தமாய்ச் சிநேகிதனை ஆசீர்வதித்தால், அந்த ஆசீர்வாதமே சாபமாக எண்ணப்படும் என்ற கருத்து அங்கே இருக்கிறது. எவ்வளவு கூர்மையான வார்த்தை! சொன்னது நல்லது, சொன்ன நேரமும் சத்தமும் கெட்டது. முடிவில் கேட்டவனுக்கு நல்லதும் கெட்டதாய்ப் போயிற்று.

கீழ்ச்சத்தம் சுவரைத் துளைத்துப் போகும். கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டால் வெளியே கேட்காது என்று நினைக்கிறோம். வெளியே இருக்கிறவனுக்குப் பாட்டு கேட்காது, 'தொம் தொம்' மாத்திரம் கேட்கும். அது கிறிஸ்தவப் பாட்டா சினிமாப் பாட்டா என்று அவனுக்குத் தெரியாது. நோயாளி தூங்குகிற வீட்டைத் தாண்டும்போது இரண்டும் ஒன்றே. நம் தேசத்தில் ஒலி மாசு கட்டுப்பாட்டு விதிகள் 2000ல் வந்தன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபெல் என்று அளவு வைத்திருக்கிறது. அரசாங்கத்துக்குக் கீழ்ப்படிகிறது நமக்குப் போதிக்கப்பட்டதே.

இந்த இடத்தில் தம்பிமாரை மாத்திரம் கடிந்துகொண்டு நிறுத்தினால் அது நியாயம் ஆகாது. சபையின் பாக்ஸ் எந்தப் பக்கம் பார்த்து வைத்திருக்கிறது? முழு இரவு ஜெபத்தில் மைக் எத்தனை மணிக்கு அணைகிறது? பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை நம்முடைய அபிஷேகத்தைப் பற்றி என்ன சொல்லுகிறது? வாலிபன் காரில் வால்யூமைத் திருக எங்கே கற்றுக்கொண்டான் என்று மூப்பர்களும் யோசிக்கவேண்டும். 'சத்தம் கூடினால் வல்லமை கூடும்' என்கிற எண்ணம் ஆக்சஸரீஸ் கடையில் மாத்திரம் விற்கப்படுகிறதில்லை.

8. செல்லும் செலவைக் கணக்குப் பார்

லூக்கா 14ல் கோபுரம் கட்ட நினைத்தவன் முன்னதாக உட்கார்ந்து கணக்குப் பார்க்கவேண்டும் என்றார் இயேசு. உட்கார்ந்து பார்க்கவேண்டும், கடை வாசலில் நின்றுகொண்டு அல்ல. தீர்மானிக்க உதவியாக நாலு காரியம் சொல்லுகிறேன்.

ஒன்று, தவணையில் வாங்காதிருங்கள். வயிற்றுப்பிழைப்புக்கும் வைத்தியத்துக்கும் கடன்படுகிறது வேறு. பாட்டுக்குக் கடன்படுகிறது வேறு. பாட்டின் சந்தோஷம் மூன்று மாதத்தில் பழகிப்போகும், தவணை பழகாது.

இரண்டு, முழு பில் தொகையை மனைவியிடம் கூச்சமில்லாமல் சொல்ல முடிகிறதா? "ஏதோ கொஞ்சம்தான் ஆச்சும்மா" என்று வாய் இழுத்தால், அந்த இழுப்பே ஆவியானவருடைய எச்சரிப்பு. ரோமர் 14ன் கடைசியில் பவுல் காட்டுகிற அளவுகோல் அதுதான்: சந்தேகத்தோடு செய்கிறது விசுவாசத்தோடு செய்கிறது அல்ல.

மூன்று, திரும்ப எடுக்கக்கூடிய படியை முதலாவது எடுங்கள். கம்பெனி வயரை வெட்டாமல் கப்ளர் போட்டு மாட்டச்சொல்லுங்கள். பழைய ஸ்பீக்கரைப் பத்திரமாய் வையுங்கள். வயரை வெட்டினால் வாரண்டிக்குப் பிரச்சினை வரலாம். ஆம்ப் வைத்தால் பேட்டரியிலிருந்து வருகிற வயருக்கு, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போடாமல் விடாதிருங்கள். அந்த வயர் தகரத்தில் உரசி ஷார்ட் ஆனால் தீ பிடிக்கும். வண்டியில் பிள்ளைகள் இருப்பார்கள். ஞானமுள்ளவன் மெதுவாய்ப் போகிறான். ஒரு படி எடு, ஒரு மாதம் கேள், பிறகு அடுத்த படி தேவையா என்று யோசி. பெரும்பாலும் தேவைப்படாது.

நாலு, இதே மாதத்தில் வேறு யாருடைய தேவை உங்கள் கண்ணுக்கு முன் வந்தது? வேதம் எல்லா ஏழையையும் காட்டி உங்களைக் குற்றப்படுத்தவில்லை. ஆனால் பெயரும் முகமும் உள்ள ஒருவரை, சபையில் பக்கத்தில் உட்காருகிற ஒருவரை, கர்த்தர் உங்கள் கண்ணில் காட்டியிருந்தால், அப்பொழுது கேள்வி மாறிவிட்டது. அப்பொழுது அது ஸ்டீரியோவைப் பற்றின கேள்வி அல்ல, அவரைப் பற்றின கேள்வி. பள்ளிக்கூட ஃபீஸ் கட்ட முடியாத வீட்டுக்கு முன்னால் நின்று 'பேஸ் பத்தலை' என்று யாரால் சொல்ல முடியும்? இந்த நாலையும் தாண்டி மனசாட்சி சமாதானமாய் இருந்தால், போய் வாங்குங்கள், ஸ்தோத்திரத்தோடு அனுபவியுங்கள். அரைமனதாய் வாங்கிக் குற்றவுணர்வோடு கேட்காதிருங்கள். அது கர்த்தருக்கும் மகிமை அல்ல, உங்களுக்கும் சந்தோஷம் அல்ல.

வேதத்தில் ஓடின ஒரு ரதம்

அப்போஸ்தலர் 8ல் ஒரு வாகனம் ஓடுகிறது. எருசலேமிலிருந்து காசாவுக்குப் போகிற வனாந்தர வழி. அதிலே எத்தியோப்பிய ராஜஸ்திரீயின் பொக்கிஷத்துக்கு விசாரிப்புக்காரன், பெரிய உத்தியோகஸ்தன், ஏசாயாவின் ஆகமத்தைச் சத்தமாய் வாசித்துக்கொண்டு போகிறான். அந்த நாளின் ரதத்தில் ஒலித்த சத்தம் அது! அந்தச் சத்தத்தில் இரண்டு காரியம் கவனியுங்கள். ரதத்துக்குப் பக்கத்தில் ஓடிவந்த பிலிப்புவுக்கு அது வார்த்தையாய்க் கேட்டது. என்ன ஆகமம் என்று புரிகிற அளவு தெளிவாய் இருந்தது. அதேசமயம் வெளியிலிருந்து பிலிப்பு கேட்ட கேள்வி ரதத்துக்குள் இருந்தவனுக்கும் கேட்டது. வாசிப்பை நிறுத்த அவனுக்குத் தெரிந்தது. அவன் நிறுத்தினான், பிலிப்புவை ஏற்றிக்கொண்டான், கேட்டான், நம்பினான், ஞானஸ்நானம் பெற்றான்; சந்தோஷத்தோடே தன் வழியே போனான். அல்லேலூயா!

உங்கள் காரில் எந்த செட்டு வேண்டுமானாலும் இருக்கட்டும், கம்பெனி கொடுத்ததோ நீங்கள் மாற்றினதோ. வெளியே ஒருவர் ஓடிவந்து கேள்வி கேட்டால் உங்களுக்குக் கேட்குமா? பின் சீட்டில் மகள் மெதுவாய் ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால், கை தானாய்ப் போய் வால்யூமைக் குறைக்குமா? அப்படியானால் அந்த ஸ்டீரியோ போதுமானது. இல்லையென்றால், எத்தனை ஆயிரம் கொடுத்து மாற்றினாலும் போதாது.

கேட்கிற செவியைக் கர்த்தர் நம் ஒவ்வொருவருக்கும் தந்தருளுவாராக. அவருக்கே துதியும் கனமும் மகிமையும் உண்டாவதாக. ஆமென்.